சூரியன் எரிகிறதா?

(பிராணவாயு இல்லாமல் வெப்பமும் வெளிச்சமும் பிறக்கும் விதம் - குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஓர் அறிவியல் பாடம்)



பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் கோவிந்தாபுரம். எங்களுக்குச் சூரியன் காலையில் தமிழ்நாட்டில் உதித்து மாலையில் கேரளத்தில் மறைகிறது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் அறிவியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். தோட்ட வேலைக்கும் மாந்தோப்புக் குத்தகைக்கும் லாரித் தொழிலுக்கும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள்.

அந்தப் பிள்ளைகள் ஆண்டுதோறும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க சார், தீ எரியறதுக்குக் காத்து வேணும்னு பாடத்துல இருக்குது. ஆகாயத்துக்கு மேல காத்தே இல்லைன்னும் இருக்குது. அப்புறம் சூரியன் மட்டும் எப்படிங்க எரியுது?"

நல்ல கேள்வி. இரண்டு பாடங்களைப் படித்து, இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்த பிள்ளைதான் இப்படிக் கேட்க முடியும். வீட்டில் கேட்டால் பல பெற்றோருக்குப் பதில் தெரிவதில்லை. "பேசாமப் படி" என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் நம் பிள்ளைகளுக்குக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதே பெரிய காரியம். இரண்டு முறை வாயை அடைத்துவிட்டால் மூன்றாம் முறை கேட்கவே மாட்டார்கள். ஆகவே இந்தக் கேள்விக்குரிய பதிலைத் தமிழிலேயே படிப்படியாகத் தர முயல்கிறேன். பெற்றோர்கள் பிள்ளைகளுடன் சேர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

எரிதல் என்றால் என்ன?

விறகு எரிகிறது, மண்ணெண்ணெய் எரிகிறது, கற்பூரம் எரிகிறது என்கிறோம். இவை எல்லாவற்றிலும் நடப்பது ஒரே காரியம். எரிபொருளில் உள்ள கரியும் ஹைட்ரஜனும் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு, அதாவது பிராணவாயுவோடு சேர்கின்றன. சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கரியமில வாயுவும் நீராவியும் மிஞ்சுகின்றன.

பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் சிறிய மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். சற்று நேரத்தில் சுடர் குறுகி அணைந்துவிடும். மெழுகு மிச்சமிருக்கிறது, ஆனால் உள்ளே இருந்த பிராணவாயு சுடருக்குப் போதாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விறகு எரியும்போது அணுக்கள் ஒன்றை விட்டு ஒன்றோடு சேருகின்றனவே தவிர, எந்த அணுவும் வேறோர் அணுவாக மாறுவதில்லை. கரி அணு கரி அணுவாகவே புகையில் போகிறது. எரிதல் என்பது அணுக்கள் கைமாற்றிக் கைகோத்துக் கொள்ளும் விளையாட்டு, ஆட்கள் மாறுவதில்லை. இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

எரியாமலும் ஒளிரலாம்

அடுத்த படி. ஒளி தரும் எதுவும் எரிந்துகொண்டுதான் இருக்க வேண்டுமா?

கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பை வெளியே எடுத்துப் பாருங்கள். செக்கச் சிவந்து ஒளிர்கிறது. அந்த ஒளி, இரும்பு எரிவதால் வருவதில்லை. அது சூடாக இருப்பதால் வருகிறது. இன்னும் நல்ல உதாரணம் பழைய குண்டு பல்பு. அதன் உள்ளே இருப்பது டங்ஸ்டன் என்னும் உலோகக் கம்பி. மின்சாரம் பாயும்போது அது ஏறத்தாழ 2,500 டிகிரி வரை சூடாகிப் பளிச்சென்று ஒளி விடுகிறது. பல்புக்குள் பிராணவாயு இருக்கக் கூடாது என்பதற்காகவே காற்றை வெளியேற்றி, மூடி விடுகிறார்கள். கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று உள்ளே போனால் கம்பி எரிந்து தீய்ந்துவிடும். பிராணவாயு இல்லாததால்தான் அந்த விளக்கே வாழ்கிறது!

ஆக, எந்தப் பொருளும் போதிய அளவு சூடேறினால் ஒளிரும். அதற்குப் பிராணவாயு தேவையில்லை. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ். அத்தனை சூடு இருந்தால் ஒளிராமல் இருக்க முடியாது. அந்த ஒளி வெற்றிடத்தைக் கடந்து 15 கோடி கிலோமீட்டர் பயணம் செய்து 8 நிமிடம் 20 விநாடியில் நம்மை வந்து சேருகிறது. ஒளி செல்வதற்கும் காற்று வேண்டியதில்லை.

இப்போது கேள்வி பாதியாகக் குறைந்துவிட்டது. சூரியன் ஏன் ஒளிர்கிறது? சூடாக இருப்பதால். அப்படியானால் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? இரும்பை வெளியே எடுத்தால் ஆறிவிடுகிறதே. சூரியன் ஏன் ஆறவில்லை?

நிலக்கரிக் கணக்கு

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு. பிராணவாயு எங்கிருந்தோ கிடைத்துவிட்டது, சூரியன் முழுவதும் நல்ல நிலக்கரி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

1 கிலோ நல்ல நிலக்கரி எரிந்தால் சுமார் 3 கோடி ஜூல் வெப்பம் கிடைக்கும். சூரியனின் எடை, 2 என்று எழுதி அதன்பின் 30 சுழியங்கள் போட்டால் வரும் கிலோ. இரண்டையும் பெருக்கினால் 6-க்குப் பின் 37 சுழியங்கள். சூரியன் ஒவ்வொரு விநாடியும் செலவழிப்பது 38-க்குப் பின் 25 சுழியங்கள் கொண்ட ஜூல். வகுத்துப் பார்த்தால் சுமார் 15,800 கோடி விநாடி வருகிறது. ஓர் ஆண்டுக்கு 3 கோடியே 15 லட்சம் விநாடி. ஆகவே நிலக்கரிச் சூரியன் தாங்குவது சுமார் 5,000 ஆண்டுகள்தான்.

சிந்துவெளியில் நகரங்கள் எழும்பியது ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முன். அந்தக் காலத்தை ஒட்டிப் பற்ற வைத்திருந்தால் இந்நேரம் சாம்பல் தட்டும் நிலைக்கு வந்திருக்கும். ஆனால் நீலகிரி மலையில் நாம் மிதித்து நடக்கும் பாறைகளின் வயதே ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். எனவே, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், "எரிதல்" சூரியனுக்குக் கட்டுப்படியாகாது. பிள்ளை கேட்ட கேள்விக்குள் இன்னும் பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது பார்த்தீர்களா?

சுருங்கிச் சூடேறுமா?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்; சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும். சூரியனும் தன் எடையால் தானே அமுங்கிச் சூடேறுகிறது என்று 1854-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னார். பிரிட்டனில் கெல்வின் பிரபு அதைக் கணக்கிட்டார். சில கோடி ஆண்டுகளுக்கு வெப்பம் கிடைக்கும் என்று வந்தது.

நிலக்கரியைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் டார்வினுக்கும் நிலவியல் அறிஞர்களுக்கும் அது போதவில்லை. மலைகள் தேயவும் உயிரினங்கள் மாறி வளரவும் அதைவிடப் பல மடங்கு காலம் வேண்டும் என்றார்கள். கெல்வினோ, சூரியனுக்கே அத்தனை வயது இல்லையே என்றார். நீண்ட நாள் இந்த வழக்கு நடந்தது. பிற்பாடு பாறைகளில் உள்ள கதிரியக்கப் பொருள்களைக் கொண்டு வயதைக் கணக்கிடும் முறை வந்தபோது, சூரியக் குடும்பத்தின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள் என்று உறுதியாயிற்று. டார்வின் பக்கம்தான் சரி.

ஆனாலும் கெல்வின் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பெரும் வாயு மேகம் ஒன்று தன் ஈர்ப்பால் சுருங்கிச் சுருங்கிச் சூடேறித்தான் சூரியன் பிறந்தது. முதல் சூட்டுக்குக் காரணம் அதுவே. அந்தச் சூட்டை ஆறவிடாமல் காப்பது வேறொன்று.

சூரியனில் என்ன இருக்கிறது?

அது என்ன என்று அறிய, முதலில் சூரியன் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். போய் எடுத்து வர முடியாதே! வழி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட நீர் பொங்கி வழிந்தால், நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிறது. உப்பில் உள்ள சோடியம் தன் அடையாளமாக அந்த மஞ்சளைக் காட்டுகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனி நிறக்கோடுகள் உண்டு. ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஆள் யாரென்று சொல்லிவிடலாம்.

1868 ஆகஸ்ட் 18 அன்று ஒரு முழுச் சூரிய கிரகணம் நம் நாட்டின் குறுக்கே சென்றது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரான்சின் ஜான்சென் முகாமிட்டார். சென்னை வானாய்வுக் கூடத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அதே கூடத்தில் பணியாற்றிய ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலிருந்து கிரகணத்தைக் கவனித்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழுந்த செந்நிறக் கொழுந்துகளின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியமாக இருக்கும் என்று பலர் நினைத்தனர். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் அளந்து பார்த்து, சோடியம் கோட்டின் இடத்தில் அது இல்லை என்று கண்டார். பூமியில் அதுவரை யாரும் அறியாத பொருள்! சூரியனின் கிரேக்கப் பெயரைக் கொண்டு ஹீலியம் என்று பெயரிட்டார்கள். 1895-ல்தான் ராம்சே அதைப் பூமியில் கண்டெடுத்தார். இன்று பிறந்தநாள் விழாவில் பலூனை மேலே தூக்கும் அதே ஹீலியம்தான்.

எவ்வளவு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 1920-ல் கல்கத்தாவின் மேகநாத் சாகா, வெப்பத்துக்கு ஏற்ப அணுக்களின் கோடுகள் எப்படிக் கூடிக் குறையும் என்பதற்குச் சூத்திரம் தந்தார். அதைப் பயன்படுத்தி 1925-ல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண் தன் ஆய்வேட்டில், நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று காட்டினார். பெரியவர்கள் முதலில் நம்பவில்லை. சில ஆண்டுகளில் ஒப்புக்கொண்டார்கள். இன்றைய கணக்கில் சூரியனின் எடையில் முக்கால் பங்கை ஒட்டி ஹைட்ரஜன், கால் பங்கை ஒட்டி ஹீலியம், மற்றவை எல்லாம் சேர்ந்து 2 சதவீதத்துக்கும் குறைவு.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த மற்றவற்றில் முதலிடம் பெறுவது ஆக்சிஜன்! நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் சூரியன் மிகப் பெரியது. அதிலுள்ள ஆக்சிஜனை மட்டும் திரட்டினால் ஏறத்தாழ 2,000 பூமிகளின் எடை வரும். அது ஏன் ஹைட்ரஜனை எரிக்கவில்லை? அந்தச் சூட்டில் அணுக்கள் கைகோத்து நிற்க முடிவதில்லை. சேர்ந்தால் அடுத்த நொடியே பிய்த்துப் போடப்படுகின்றன. ஆகவே சூரியனில் பிராணவாயு இல்லாததால் அது எரியாமல் இருக்கிறது என்பதும் சரியில்லை. எரிதல் என்ற காரியம் நடக்க முடியாத அளவுக்கு அது சூடாக இருக்கிறது.

நான்கு சேர்ந்து ஒன்று

1920-ல் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர் அணுக்களின் எடையை மிக நுட்பமாக அளந்தார். ஒரு ஹீலியம் அணுவின் எடை, நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் எடையைவிடச் சிறிது குறைவாக இருந்தது. நூறு கிராமுக்கு முக்கால் கிராம் அளவில் குறைவு. நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியமாக மாறினால் அந்த எடை எங்கே போகும்? எடையும் ஆற்றலும் ஒன்றின் இரு வடிவங்கள் என்று ஐன்ஸ்டீன் 1905-லேயே சொல்லியிருந்தார். அதே 1920-ல் எடிங்டன், சூரியன் இப்படித்தான் வெப்பம் பெறுகிறது என்று துணிந்து கூறினார்.

எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சூரியனின் மையத்தில் சூடு சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. மேலே உள்ள எடை முழுவதும் அழுத்துவதால் அங்குள்ள வாயு ஈயத்தைப் போல் 13 மடங்கு அடர்ந்து கிடக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரே ஒரு புரோட்டான். இரண்டு புரோட்டான்கள் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும். காந்தத்தின் ஒத்த முனைகளை நெருக்கிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தள்ளுதல் புரியும். மிக வேகமாக மோதினால் மட்டுமே ஒட்டும் அளவுக்கு நெருங்கும். ஒன்றரைக் கோடி டிகிரியில்கூட அந்த வேகம் போதாதே என்று அக்காலத்தில் பலர் ஐயப்பட்டனர். நுண்ணிய துகள்கள், ஏறிக் கடக்க முடியாத தடையையும் எப்போதாவது ஊடுருவிப் போய்விடும் என்று 1928-ல் காமோவ் காட்டிய பின் ஐயம் தீர்ந்தது. எந்தெந்தப் படிகளில் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது என்பதை 1938, 1939 ஆண்டுகளில் ஹான்ஸ் பேத்தே வகுத்துத் தந்தார். அதற்காக 1967-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு அணுக்கரு இணைவு என்று பெயர். எரிதலில் ஆட்கள் மாறுவதில்லை என்றேன் அல்லவா? இங்கே ஆளே மாறிவிடுகிறான். ஹைட்ரஜன் உள்ளே போய் ஹீலியம் வெளியே வருகிறது. நடுவில் ஆக்சிஜனுக்கு எந்த வேலையும் இல்லை.

கிடைக்கும் ஆற்றலோ மலைக்க வைக்கும். 1 கிலோ ஹைட்ரஜன் இணைந்தால் ஏறத்தாழ 2 கோடி கிலோ நிலக்கரியை எரித்த வெப்பம் வரும். லாரிக்கு 20 டன் வீதம் ஏற்றினால், எங்கள் சோதனைச் சாவடியில் 1,000 லாரிகள் வரிசையில் நிற்கும்! சூரியன் விநாடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடை ஆற்றலாகி வெளியேறுகிறது. அதில் நமக்குக் கிடைப்பது மிகச் சிறு துளி. அந்தத் துளியில்தான் மாம்பூ பிஞ்சாகிறது, மழை பெய்கிறது, நாம் உயிர் வாழ்கிறோம்.

ஏன் ஒரேயடியாக வெடிக்கவில்லை?

ஹைட்ரஜன் குண்டிலும் அணுக்கரு இணைவுதானே நடக்கிறது? சூரியன் ஏன் வெடிக்கவில்லை என்று சில பிள்ளைகள் கேட்பார்கள்.

முதல் காரணம், சூரியனில் அது மிக மெதுவாக நடக்கிறது. மையத்தில் உள்ள ஒரு புரோட்டான் இன்னொன்றோடு இணைய, சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். புரோட்டான்களின் எண்ணிக்கை கணக்கற்றது என்பதால்தான் வேலை நடக்கிறது. மையத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் பிறக்கும் வெப்பம் சுமார் 270 வாட். மூன்று நூறு வாட் பல்புகளின் அளவுகூட இல்லை. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் நம் உடம்பு அதைவிட அதிகச் சூட்டை உண்டாக்குகிறது! தோட்டத்து எருக்குழியைக் கிளறினால் ஆவி வருமே, கிட்டத்தட்ட அந்த வேகம்தான். எருக்குழி சிறியது, சூடு ஓடிவிடுகிறது. சூரியனின் குறுக்களவு 14 லட்சம் கிலோமீட்டர். மையத்தில் பிறந்த வெப்பம் அணுக்களில் முட்டி மோதித் தட்டுத் தடுமாறி மேற்பரப்புக்கு வந்து சேரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதனால் உள்ளே சூடு தேங்கி நிற்கிறது.

இரண்டாவது காரணம், சூரியன் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. இணைவு சற்று வேகமெடுத்தால் மையம் சூடாகி விரியும், விரிந்தால் சூடு தணியும், இணைவும் தணியும். வேகம் குறைந்தால் மேலுள்ள எடை அமுக்கும், அமுங்கினால் சூடேறும், இணைவு மறுபடி கூடும். குக்கரில் ஆவி மிகுந்தால் வெயிட் எழும்பி இறக்கிவிடுவது போன்ற ஏற்பாடு. 460 கோடி ஆண்டுகளாக இந்தக் குக்கர் பழுதின்றி இயங்கி வருகிறது.

மையத்தைப் பார்த்தது யார்?

"உள்ளே போய்ப் பார்க்காமல் எப்படி நம்புவது?" என்று கேட்கும் பிள்ளையையும் பாராட்ட வேண்டும். இணைவு நடக்கும்போது நியூட்ரினோ என்ற நுண்துகளும் பிறக்கிறது. அது எதிலும் முட்டாமல் சூரியனைத் துளைத்துக்கொண்டு சுமார் 8 நிமிடத்தில் இங்கே வந்துவிடும். உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இரவிலும்தான், அப்போது அவை பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வருகின்றன.

இவற்றைப் பிடிக்க, வேறு கதிர்கள் எட்டாத ஆழமான சுரங்கம் வேண்டும். இந்தக் கதையில் நம்மவர் வியர்வையும் உண்டு. வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே, 1965-ல் நியூட்ரினோவின் தடயம் பதிவாயிற்று. அவை காற்றுமண்டலத்தில் பிறந்தவை, சூரியனிலிருந்து வந்தவை அல்ல. ஆனாலும் காற்றுமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று என்ற பெருமை கோலாருக்கு உண்டு. அந்தச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

சூரிய நியூட்ரினோவைத் தேடியவர் அமெரிக்காவின் ரே டேவிஸ். ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், துணி வெளுக்கப் பயன்படும் திரவத்தை 3.8 லட்சம் லிட்டர் நிரப்பி, 1960-களின் இறுதியிலிருந்து எண்ணினார். கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. சூரியனைப் பற்றிய கணக்கே தவறோ என்ற சந்தேகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், சட்பரி நிக்கல் சுரங்கத்தில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் 1,000 டன் கனநீரை வைத்து 2001, 2002 ஆண்டுகளில் விடை கண்டார்கள். நியூட்ரினோக்கள் குறையவில்லை, வரும் வழியில் மூன்று வகைகளாக உருமாறி வந்தன. டேவிஸ் ஒரு வகையை மட்டும் எண்ணியிருந்தார். மூன்றையும் கூட்டியபோது கணக்கு சரியாக வந்தது. 2014-ல் இத்தாலியின் போரெக்சினோ ஆய்வகம், இரண்டு புரோட்டான்கள் இணையும் முதற்படியில் பிறக்கும் நியூட்ரினோக்களையே நேரடியாக அளந்தது. சூரியனின் மையத்தில் இணைவு நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் ஊர்ப்பக்கத்துச் சூரியக் கூடம்

கோவிந்தாபுரத்திலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகப் போனால் கோடைக்கானல். ஏரியையும் பூங்காவையும் பார்த்துத் திரும்புவோர் பலர். கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கும் மேலே அங்கே ஒரு சூரிய ஆய்வுக் கூடம் இருக்கிறது. அது வந்த கதை சோகமானது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். நம் முன்னோர் பலர் ஊரை விட்டுக் கடல் கடந்ததும் மலையேறியதும் அத்தகைய பஞ்சங்களால்தான். மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய, சூரியனை முறையாகக் கவனிக்க வேண்டும் என்று பஞ்ச விசாரணைக் குழு பரிந்துரைத்தது. 1899-ல் கோடைக்கானலில் கூடம் அமைந்தது. அங்கே பணியாற்றிய எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் கண்டறிந்தார். உலகம் அதை அவர் பெயரால் வழங்குகிறது. நூறாண்டுகளுக்கு மேலான சூரியப் படங்கள் அங்கே சேமிக்கப்பட்டுள்ளன.

அந்தக் கூடத்தை நடத்தும் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே, ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முக்கியக் கருவியையும் செய்து தந்தது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அக்கலம், 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் தன் இடத்தை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டையில் பிறந்தவர். அதுவும் எங்கள் ஊரைப் போலத் தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் ஓர் எல்லை ஊர் என்பதில் எங்கள் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

எப்போது தீரும்?

மையத்தில் உள்ள ஹைட்ரஜனைக் கொண்டு கணக்கிட்டால் சூரியனின் ஆயுள் மொத்தம் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். பாதி கடந்துவிட்டது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் அது ஊதிப் பெருத்து, வெளி அடுக்குகளை உதறிவிட்டு, பூமி அளவே உள்ள வெண் குள்ளன் என்னும் கங்காக ஆறிக்கொண்டிருக்கும். வெண் குள்ளன் எத்தனை எடை வரை தாங்கும் என்ற எல்லையைக் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையாரின் வேலை காரணமாக லாகூரில் 1910-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அந்தக் கணக்கைப் போடத் தொடங்கியவர். சூரியனைப் போல் 1.4 மடங்கு என்ற அந்த எல்லை இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. 1983-ல் நோபல் பரிசு பெற்றார். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான் அவரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"வெயில் எரிக்கிறது", "சூரியன் எரிகிறது" என்று நாம் பேசுவதில் பிழையில்லை. விஞ்ஞானிகளே பேச்சுவாக்கில் "ஹைட்ரஜன் எரிகிறது" என்பதுண்டு. அது பழகிப்போன சொல். சொல்லுக்குப் பின்னால் நடப்பது வேறு என்பதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னால் போதும். பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியலைடா கண்ணு, சேர்ந்து பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அதில் நம் மரியாதை குறையாது. இணைவு, அணுக்கரு, நிறமாலை போன்ற சொற்களை வீட்டில் ஒருமுறை தமிழில் கேட்ட பிள்ளைக்கு, பள்ளியில் அவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ வரும்போது பாதி பாரம் குறைந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது. தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் கண் போய்விடும். மரத்தடிக்குப் போங்கள். மாமர நிழலில் விழும் வட்ட வட்டமான வெயில் பொட்டுகள் ஒவ்வொன்றும், இலையிடுக்கின் வழியாக விழுந்த சூரியனின் படம்தான். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக வளைய கிரகணம் சென்றபோது, எங்கள் தோப்புகளில் அந்தப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாக மாறியதைப் பிள்ளைகள் தரையிலேயே பார்த்துக் களித்தார்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. குண்டு பல்பின் கம்பி காற்றில்லாமல் ஒளிர்கிறது. அதற்குச் சூட்டைக் கொடுப்பது எது? சூரியனுக்குக் கொடுப்பது எது?

2. விறகு எரிந்தால் கரி அணு வேறு அணுவாக மாறுமா? சூரியனில் ஹைட்ரஜன் என்னவாகிறது?

3. சூரியனிலும் ஆக்சிஜன் உண்டு. அது ஏன் ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவதில்லை?

4. நிலக்கரிக் கணக்கில் எடையைப் பாதியாக வைத்தால் எத்தனை ஆண்டுகள் வரும்?

விடைகள்: (1) பல்புக்கு மின்சாரம், சூரியனுக்கு அணுக்கரு இணைவு. (2) மாறாது, சூரியனில் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. (3) அந்தச் சூட்டில் அணுக்கள் சேர்ந்து நிற்க முடியாது. (4) செலவு அதே அளவாக இருந்தால் சுமார் 2,500 ஆண்டுகள்.